ஏழு கட்டைகள்

சாலாவின் வீட்டு முகப்பில் ஒரு பியானோ இருந்தது. ஊமைப் பியானோ. அம்மாவின் பாட்டனார் எண்பது வருஷத்துக்கு முன்னால் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. பிறகு அம்மாவின் கல்யாணச் சீரோடு இந்தக் கொத்தமங்கலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சாலாவுக்கு மூன்று வயதாகும்போது அம்மா இறந்துபோனார். இப்போது அவளுக்குப் பத்து வயது. அம்மா தினமும் அவளைத் தூங்கவைக்க அதில் ஒரு பாட்டு வாசிப்பாராம். என்ன பாட்டு என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டாள்; அப்பச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை, பியானோ ரிப்பேர் செய்யும் செம்மலை மதுரையிலிருந்து வந்தார்.

"சரிபண்ணி வையிங்க. வெள்ளிக்கிழமை லாரி வருது. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திரப் போறேன்" என்று சொல்லிவிட்டு அப்பச்சி உள்ளே போய்விட்டார். பியானோ பக்கம் அவர் திரும்பவும் இல்லை. சாலாவுக்கு அழுகை முட்டியது. பியானோ போய்விட்டால் அந்தப் பாட்டும் போய்விடுமே.

செம்மலை மூடியைத் திறந்து முதலில் ஓர் எலிக்கூட்டை வெளியே எடுத்தார். அதில் சாலாவின் பச்சை ரிப்பன் இருந்தது. அதைத் தொலைத்ததற்காகப் போன வருஷம் அவள் நன்றாகத் திட்டு வாங்கியிருந்தாள். எலிக்கும் சடை பின்ன ஆசை போலிருக்கிறது.

அடுத்து அவர் கட்டைகளை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"எண்ணெய் எப்படித் தாயி உள்ள வந்துச்சு?"

வருஷா வருஷம் அம்மாவுக்குப் படைக்கும் நாளில், பியானோவின் மேல் அம்மாவின் சேலையை வைத்து அப்பச்சி விளக்கேற்றுவார் என்று சாலா சொன்னாள். ஏழு வருஷம் சொட்டிய அந்த எண்ணெய்தான் உள்ளே இறங்கி, கட்டைகளை ஒட்டவைத்திருந்தது.

"அப்பச்சிகிட்டச் சொல்லாதீக. பாவம்" என்று கேட்டுக்கொண்டாள். செம்மலை தலையாட்டினார்.

அவர் கட்டைகளைக் கழற்றித் துடைத்தார். துருப்பிடித்த கம்பிகளை மாற்றினார். மூன்றாம் நாள், கம்பிகளை அடிக்கும் சின்னக் கம்பளிச் சுத்தியல்களை உப்புத்தாளால் தேய்க்க உட்கார்ந்தார். சாலா எட்டிப் பார்த்தாள். எல்லாச் சுத்தியல்களிலும் லேசான கோடு. ஏழில் மட்டும் ஆழமான பள்ளம்.

"இது மட்டும் ஏண்ணே இப்படி இருக்கு?"

"அடிக்கடி வாசிச்சா அந்தச் சுத்தியல் தேயும். உங்கம்மா இந்த ஏழையும் ரொம்ப வாசிச்சிருக்காக. தேய்ச்சுச் சமன் பண்ணாத்தான் சத்தம் நல்லா இருக்கும்."

சாலா அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சாக்பீஸ் எடுத்துவந்தாள். அந்த ஏழு சுத்தியல்களுக்கும் உரிய கட்டைகளைக் கேட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தாள். அம்மாவின் பாட்டு இந்த ஏழுக்குள்தானே இருக்கிறது?

"இருக்கு தாயி. ஆனா எது முந்தி, எது பிந்தின்னு சுத்தியல் சொல்லாதே" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. சாலா உட்கார்ந்து ஏழு கட்டைகளையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். எதுவும் பாட்டாகவில்லை. விடிந்தால் லாரி வந்துவிடும்.

அந்தப் பாட்டைக் கேட்ட ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவரிடம் கேட்கத்தான் முடியாது. ஆனால் அவருக்குக் கேட்கும்படி வாசிக்கலாமே. உள்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, தப்புத் தப்பாகவே பலமாக வாசித்தாள். திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"அது அப்படி இல்ல, சாலா."

அப்பச்சி உள்கதவருகே நின்றார். கண் சிவந்திருந்தது. மெல்ல வந்து, ஒரு விரலால் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். புள்ளி வைத்தவற்றில் ஐந்து கட்டைகள். சாலா அப்படியே திருப்பி வாசித்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்புறம், அப்பச்சி?"

"தெரியலை ஆத்தா. நீ தூங்குறதுக்கு முந்தி நான் தூங்கிருவேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். அம்மாவுக்காக அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

பிறகு அப்பச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரி வேண்டாம் என்று, கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த செம்மலையிடம் சொன்னார்.

பாட்டில் இன்னும் இரண்டு கட்டைகள் மிச்சம் இருந்தன. சாலா நகர்ந்து அப்பச்சிக்கு இடம் விட்டாள்.