பேந்து வாறன்

சுதாஜினிக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மொன்றியலில் பாதிச் சனம் சைக்கிளும் தொப்பியுமாகத் திரிகிற நேரம், இதையும் ஒரு விஷயமென்று சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்கலாம். ஆனால் அவள் தன் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றித் திரும்பிப் பார்த்தபோது, ஆற்றை ஒட்டிப் போகிற அந்தத் தெரு வளைவுவரை வெறுமையாகக் கிடந்தது. அன்றைக்கு வெட்டிய புல்லின் பச்சை மணம், எந்த வீட்டுப் பின்வளவிலோ இறைச்சி வாட்டும் புகை, நுளம்புகளின் ரீங்காரம், மரங்களுக்கு அப்பால் கரையை நக்குகிற தண்ணீரின் சளசளப்பு எல்லாம் இருந்தன. சைக்கிள் மட்டும் இல்லை.

அந்த ஒற்றை மணி அவர்கள் வீட்டுச் சங்கதி. மொன்றியலின் இந்த ரொக்ஸ்பரோப் பகுதிக்குக் குடிவருவதற்கு முன்னால் பதினொரு வருஷம் டென்மார்க்கில், ஹெர்னிங்கில் இருந்தார்கள். அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால் வயலும் காடுமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் காற்று பொல்லாதது. முன்னால் போகிறவரைக் கூப்பிட்டால் குரல் நம் வாய்க்கே திரும்பி வரும். அதனால் கணவன் கிருஷாந்தன் ஓர் ஒழுங்கு வைத்தான். அவன் முன்னால், மகள் வினோஜா நடுவில், சுதாஜினி கடைசி. ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசி ஆள் ஒரு மணி அடிக்க வேண்டும்: நான் இருக்கிறேன். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்து, தலைகளை எண்ணி, இரண்டு மணி அடிக்க வேண்டும்: எல்லாரும் இருக்கிறோம். நடுவில் போகிறவளுக்கு வேலை இல்லை. எட்டு வயது வினோஜா அதற்காகச் சும்மா இருப்பவளா? அவளுடைய இளஞ்சிவப்பு மணியில் சுருள்வில் உடைந்துபோய் 'டிக்' என்று அரைச் சத்தம்தான் வரும். அந்த அரைச் சத்தத்தை வழிநெடுக அடித்துக்கொண்டே போவாள்.

மொன்றியலில் அந்த ஞாயிறும் திருப்பத்தில் சுதாஜினி ஒன்று அடித்தாள். முன்னால் கிருஷாந்தன் இரண்டு அடித்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பின்னாலிருந்து அந்த ஒன்று வந்தது. பழைய காலத்து இரும்பு மணி. கிணிங் என்று இழுத்து, துரு உரசி, நின்றது.

கடைசியில் வருகிற ஆள்தான் ஒன்று அடிக்க வேண்டும். அப்படியென்றால் கடைசி ஆள் அவளில்லை.

அப்போதுதான் அவளுக்கு மத்தியானம் நடந்தது ஞாபகம் வந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் மர மேசையில் புட்டையும் ஆட்டிறைச்சிக் கறியையும் பரப்பிக்கொண்டிருந்தாள். கிருஷாந்தன் போத்தலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வினோஜா தூரத்தில் ஊஞ்சலில். கரையில் ஒருவர் ஆற்றைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றார். வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை நனைந்த காற்சட்டை, பக்கத்தில் கறுப்புச் சைக்கிள் ஒன்று புல்லில் சரிந்து கிடந்தது. பிடரியைப் பார்த்தாலே எங்கள் ஆள் என்று தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது யாராவது கண்ணில் பட்டால் வாய் தன்பாட்டில் திறந்துவிடும்.

"அண்ணை, வாங்கோவன். சாப்பிடுவம்."

இப்படிக் கேட்டால், இல்லைப் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டனான் என்று மற்றவர் சொல்ல வேண்டும். அத்தோடு இரண்டு பேருக்கும் மரியாதை முடிந்தது. அந்த மனிதர் அதைச் சொல்லவில்லை. திரும்பவும் இல்லை.

"பேந்து வாறன்," என்றார், பிறகு வருவதாக.

அவள் கறியைக் கிண்டிவிட்டு நிமிர்ந்தபோது கரையில் ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. புல் மட்டும் சைக்கிள் கிடந்த அளவுக்கு நனைந்து மடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து, இரவு இதைச் சொன்னபோது கிருஷாந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "உமக்கு வாய் சும்மா கிடக்காது. ஹெர்னிங்கில பக்கத்து வீட்டு மனிசியை ஒருநாளைக்கு வாங்கோவன் எண்டு சொல்லிப்போட்டு, அவ மூண்டு பிள்ளையளோடயும் பூங்கொத்தோடயும் வந்து நிக்கேக்க முழிச்சனீர், ஞாபகமோ? வெளிநாட்டில கூப்பிட்டா வருவினம், அப்பா."

"அவர் எங்கட ஆள்," என்றாள் சுதாஜினி.

"அப்ப ஏன் பயப்பிடுறீர்?"

பயமாக இருந்தது, அவ்வளவுதான். பகலில் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை. பதினைந்து பிள்ளைகளைக் கயிற்றில் பிடிக்கவைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், போகும்போதும் வரும்போதும் எண்ணுகிறவள். தலை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூடினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் அந்த மணி வந்தது. முதலில் வளைவுக்கு அப்பால், பிறகு நாலு வீட்டுத் தூரத்தில், கடைசியாக அவர்கள் வீட்டுத் தெருத் திருப்பத்தில், பின்சில்லுக்கு அருகே. கூடவே ஒரு மணமும் வந்தது, ஆற்றுப்பாசியும் நனைந்த சாக்கும் கலந்த மணம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இனி கொஞ்ச நாளைக்குச் சைக்கிள் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை மாலை, மழை. மூன்று பேரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூரையில் விழுகிற மழையின் ஒரே சீரான இரைச்சலுக்கு நடுவில், சுவருக்கு அந்தப் பக்கம், சைக்கிள்கள் நிற்கிற கராஜுக்குள்ளிருந்து கேட்டது.

கிணிங்.

கிருஷாந்தன் கைப்பேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வினோஜா தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, ஆரோ வந்திருக்கினம்."

"ஒருத்தரும் இல்லை. நீ சாப்பிடு."

"அந்த அங்கிள். நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை எழுந்தாள். அலுமாரியைத் திறந்து இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, தனக்குப் பக்கத்தில், தன் கோப்பையோடு முட்டுகிற மாதிரி வைத்தாள்.

அன்றைக்கு வினோஜா ஊஞ்சலில் இருந்தாள். அந்தத் தூரத்துக்கு எதுவுமே கேட்டிருக்காது. வீட்டில் சொன்னபோது அவள் நித்திரை. சுதாஜினி போய் கராஜ் விளக்கைப் போட்டாள். வெளிக்கதவு பூட்டியபடி இருந்தது. மூன்று சைக்கிள்கள் வரிசையாக நின்றன. சீமெந்துத் தரையில், பூட்டிய கதவின் அடியிலிருந்து, ஒரு டயர் அகலத்துக்கு ஈரக்கோடு ஒன்று தொடங்கியது. பெரிய சைக்கிள்கள் இரண்டையும் விலக்கிக்கொண்டு வந்து, வினோஜாவின் சின்னச் சைக்கிளை ஒருதரம் சுற்றி, சமையலறைப் படியில் நின்றிருந்தது.

அன்றிரவு அவள் மகளோடு படுத்தாள். படுத்தபடி யோசித்தாள். கூப்பிட்டது அவள். கூப்பிட்ட மனிதரை வேண்டாம், போங்கோ என்று சொல்ல அவளுக்கு வராது. அப்படிச் சொல்லி யாரும் அவளை வளர்க்கவில்லை. அவர் படிவரைக்கும் வந்துவிட்டார். இனி வீட்டுக்குள் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால், கூப்பிட்ட இடத்திலேயே சாப்பாட்டைப் போட்டு அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. அப்படித்தான் அவள் நினைத்தாள். நித்திரையில் வினோஜாவின் கால் அவள் வயிற்றின்மேல் கிடந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனார்கள். மகளைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கிருஷாந்தனுக்குச் சந்தோஷம், மனிசியின் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்தான். அதே மேசை. ஏழு மணி தாண்டியும் வெயில் ஆற்றின்மேல் மஞ்சளாகக் கிடந்தது. மூன்று பேரும் சாப்பிட்டு முடிந்ததும், சாமான்களை அடுக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லித் தகப்பனையும் மகளையும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினாள். பிறகு காகிதத் தட்டில் புட்டைப் போட்டு, கறியை ஊற்றி, மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"வாங்கோ அண்ணை. சாப்பிடுங்கோ," என்றாள். விருந்தாளியின் வாயைப் பார்க்கக் கூடாதென்று முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

முதலில் நுளம்புகள் நின்றன. பிறகு ஆற்றுச் சத்தம் நின்றது. புல்லில் ஈரக்கால் வைக்கிற சத்தம் வந்தது. ஒன்று. இன்னொன்று. பாசி மணம் தொண்டைக்குள் இறங்கியது. மேசைப் பலகை பாரத்தில் முனகியது.

பிறகு ஒன்றுமில்லை. சாப்பிடும் சத்தம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கையை மடக்கிக்கொண்டு இருக்கிற விருந்தாளியின் மௌனம் அது. அவளுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். யோசிக்கவில்லை. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"கூச்சப்படாதேங்கோ அண்ணை. எங்கட வீட்டு ஆள் மாதிரி நினைச்சுக்கொண்டு சாப்பிடுங்கோ."

"ஓம்," என்று சம்மதித்தது குரல், அவள் காதோரத்தில்.

பிறகு சாப்பிடுகிற சத்தம். பசித்த வாயின் சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டு நூறுவரை எண்ணினாள். திரும்பவும் நூறு. நுளம்புகளின் ரீங்காரம் மெல்ல மீண்டபோது திரும்பிப் பார்த்தாள். தட்டில் ஒரு பருக்கை இல்லை. அதன்மேல் ஆற்றுத் தண்ணீர் நாலு சொட்டு நின்றது. அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதி அழுகை. முடிந்தது. சாப்பிட்டுவிட்டார், போய்விட்டார்.

கிருஷாந்தன் ஒரு காலைச் சைக்கிளில் போட்டபடி நின்றான். "எவ்வளவு நேரம்! பிள்ளை உம்மைத் தேடி அங்க போயிட்டு இப்பதான் திரும்பி வந்தவள்."

"நான் காணேல்லையே," என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டு நின்றதை அவனிடம் எப்படிச் சொல்வது? மரநிழலில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட தலை சின்னச் சைக்கிளில் குனிந்து தயாராக இருந்தது.

"தண்ணி குடிச்சனியோ குஞ்சு?"

ஹெல்மெட் ஆமென்று ஆடியது.

கிளம்பினார்கள். கிருஷாந்தன் முன்னால், மஞ்சள் ஹெல்மெட் நடுவில், சுதாஜினி கடைசி. முதல் திருப்பத்தில் ஒன்று அடித்தாள். முன்னால் இரண்டு. பின்னால் மூச்சுக்கூட இல்லை. இரண்டாவது திருப்பம். ஒன்று. இரண்டு. பின்னால் வெறும் காற்று. தேவாலயத்தைக் கடக்கும்போது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஹெர்னிங்கில் பால்மாதிரி வெளிச்சத்தில் இப்படித்தான் போவார்கள், எதற்கும் பயமில்லாமல்.

இன்றைக்கு வினோஜா மணியடித்து விளையாடவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவள் மனதில் பட்டது.

மூன்றாவது திருப்பம். ஒன்று அடித்தாள்.

டிக்.

பின்னாலிருந்து.

அவள் பிரேக்கை அழுத்தினாள். திரும்பினாள். தெரு வெறுமை. வளைவுவரை வெறுமை.

டிக்.

உடைந்த வில். அரைச் சத்தம். அந்தச் சத்தத்தை ஆயிரம் மணிகளுக்குள்ளும் அவள் காது பிரித்து எடுக்கும். வெறுந்தெருவிலிருந்து வந்தது. கடைசி ஆள் அடிக்கிற ஒன்று. நான் இருக்கிறேன்.

"வினோஜா!"

"அம்மா," என்றது காற்று. பிள்ளையின் குரல்தான். களைத்திருந்தது. "நில்லுங்கோ அம்மா."

அவள் முன்பக்கம் திரும்பினாள். வெயிலின் கடைசித் துண்டு தெருவுக்குக் குறுக்கே விழுந்திருந்தது. மஞ்சள் ஹெல்மெட் அதற்குள் போயிற்று. காய்ந்த தாரில் சின்னச் சைக்கிளுக்குப் பின்னால் ஈரக்கோடு ஒன்று நீண்டது. மிதியில் இருந்தவை பிள்ளையின் கால்கள் இல்லை. நீளமான கால்கள். சின்னச் சைக்கிளில் கொள்ளாமல் முழங்கால்கள் இரண்டு பக்கமும் அகன்று அகன்று ஏறி இறங்கின. முழங்கால்வரை நனைந்த காற்சட்டை. ஹெல்மெட்டின் வார் நரைத்த பிடரியில் இறுகியிருந்தது.

டிக். பின்னால். கொஞ்சம் தூரத்தில்.

அவள் சைக்கிளைத் திருப்பினாள். வெறுந்தெரு. எங்கே போய்த் தேடுவது? எதைப் பிடிப்பது?

டிக். இன்னும் தூரத்தில்.

"கிருஷாந்தன்! பிள்ளை! பிள்ளையைப் பாருங்கோ!" என்று கத்தினாள்.

முன்னால் கிருஷாந்தன் திரும்பிப் பார்த்தான். நடுவில் வந்த முகத்தைப் பார்த்தான். தன் மகளைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தான். தலைகளை எண்ணினான்.

இரண்டு மணி அடித்தான்.