உப்புக்கிடங்குத் தெருவின் பதினொரு கதவுகள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, உப்புக்கிடங்குத் தெரு முனையில் கயற்கண்ணியும் யாசீனும் வழக்கம்போல் பிரிந்தார்கள். அவள் இடப்பக்கம் நாகமணி மெஸ்ஸுக்குப் போனாள். அவன் தெருவைக் கடந்து தஸ்தகீர் பிரியாணிக்குப் போனான். இருவரும் அவரவர் மேசையில் உட்கார்ந்து, பேசுவதற்குக் காதுச்சில்லை இயக்கினார்கள்.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்றான் யாசீன்.

"மீன் புளுசு. கோங்குரா துவையல். உனக்கு?"

"தால்ச்சா இன்னைக்குக் கெட்டியா இருக்கு. நீ இருந்தா ரெண்டாவது கரண்டி கேட்டிருப்ப."

கல்யாணமாகிப் பதினொரு வருடங்களாக அவர்கள் வெளியே சாப்பிடுவது இப்படித்தான். அந்தத் தெருவில் அதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் தோழியோடு காதில் பேசிச் சிரித்தபடி சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தோழி நாலு கடை தள்ளி கிம்ச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னையில் இவ்வளவு வகைச் சாப்பாடு வேறெந்தத் தெருவிலும் கிடையாது. நெல்லூர் மெஸ், பிரியாணிக் கடை, பர்மா அத்தோ, யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ், மார்வாடி தால்பாட்டி, கொரியக்காரர்களின் சூப்புக் கடை, கடல் கொண்டுபோன வங்கக் கரையிலிருந்து வந்தவர்களின் மீன் கடை, அபேபேயின் எத்தியோப்பிய இஞ்சேரா. மொத்தம் பதினொரு கடைகள். பதினொரு கதவுகளின் நிலையிலும் உள்ளங்கை அளவு வாயில்மானி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மணிக்கட்டைக் காட்டினால் தோலுக்கடியில் இருக்கும் சில்லைப் படித்து, உன் வரிசையும் கடையின் வரிசையும் ஒத்துப்போனால் கதவைத் திறக்கும். ஒத்துப்போகாவிட்டால், "தங்கள் உடல்நலன் கருதி" என்று மென்மையான குரலில் சொல்லிவிட்டு மூடியே இருக்கும்.

2068இல் குடற்காய்ச்சல் வந்து நகரத்தில் பாதிப் பேரைப் படுக்கையில் தள்ளிய பிறகுதான் உணவுப் பொருத்த வாரியம் வந்தது. ஒவ்வொருவரின் குடலுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதற்குப் பழகிய உணவே பாதுகாப்பு என்று சொல்லி, வாரியம் மக்களை ஒன்பது வரிசைகளாகப் பிரித்தது. காய்ச்சல் அடங்கியது. வரிசைகள் நிலைத்துவிட்டன. வரிசை மாறிச் சாப்பிட்டுப் பிடிபட்டால் ஓராண்டுக்கு மருத்துவக் காப்பு கிடையாது. பரிமாறிய கடையின் கதவுக்கு முத்திரை.

வீட்டுக்குள் எல்லோரும் கொஞ்சம் மீறினார்கள். வரிசைக்கு ஒன்றாக அங்காடியிலிருந்து வரும் இரண்டு பைகளையும் பிரித்துச் சமைத்த பிறகு, யாசீனின் தட்டிலிருந்து கயல் ஒரு வாய் எடுப்பாள். எடுத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு நாள் தன் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருப்பாள். வாரியம் சொன்னதை அவளும் நம்பத்தான் செய்தாள்.

துறைமுகத்தில் தொலைக்கர இயக்குநர் வேலை அவளுக்கு. அறையில் உட்கார்ந்தபடியே கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்குவாள். அந்த வேலையின் காப்பில்தான் யாசீனின் பெயரும் இருந்தது. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அவனுக்கு இடக்கண் மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. தாமதித்தால் அந்தக் கண் திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாரியத்திலிருந்து அவளுக்கு அறிவிப்பு வந்தது. அவளுடைய வரிசை மூன்றிலிருந்து ஆறாக மாற்றப்பட்டிருக்கிறது, இன்றே அமலுக்கு வருகிறது என்று இரண்டே வரி.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். சத்தியசீலன் என்ற அலுவலர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"சின்னப் பதிவுப் பிழை, மேடம். உங்க தாத்தா பொறந்த ஊரு நெல்லூர்னு ஏறியிருந்தது. அதனால மூணாம் வரிசை. இப்பப் பழைய ஆவணத்தைச் சரிபார்த்ததுல, அது நெல்லூர்ப்பேட்டை. குடியாத்தம் பக்கம். அது ஆறு."

"அப்போ இருபத்தாறு வருஷமா நான் சாப்பிட்டது?"

"தவறான வரிசை. வருந்துறோம்."

"எனக்கு ஒன்னுமே ஆகலையே."

"அதிர்ஷ்டம்தான், மேடம்."

கயல் தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தாள். "என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தீங்களா? வயித்தை? ஏதாவது ஒரு சோதனை?"

"அதுக்கு வழிமுறை இல்லை. வரிசை பதிவுலேர்ந்து வருது."

"ஆரம்பத்துலேர்ந்தேவா?"

"ஆமா." அதைச் சொல்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "மூணு கோடிப் பேரோட ரத்தத்தை யாரு பார்க்கிறது?"

வெள்ளிக்கிழமை அவள் நாகமணி மெஸ் வாசலில் மணிக்கட்டைக் காட்டினாள். தெரிந்தேதான் காட்டினாள். "தங்கள் உடல்நலன் கருதி" என்றது வாயில்மானி. அவளுக்கு அந்தக் குரல் வாழ்க்கையில் முதல்முறை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நாகமணி இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தாள். பதினைந்து வருடமாக அவளுக்குப் போடும் அதே மூலை மேசை.

நாகமணி கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஐம்பது வயது, கையில் கரண்டி. "என்னாச்சு கண்ணு? மிஷினு கெட்டுப்போச்சா?"

கயல் நடந்ததைச் சொன்னாள். ஊர்ப்பெயரில் விட்டுப்போன ஒரு பேட்டையைப் பற்றிச் சொன்னபோது நாகமணி சிரித்துவிட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பதினஞ்சு வருஷம் என் கையால சாப்ட்ட. இன்னைக்கு என் சோறு உனக்கு விஷமா? எவன் சொன்னான்?"

"அக்கா, நான் உள்ளதான வரக்கூடாது? நீங்க வெளிய கொண்டாந்தா?"

நாகமணி திரும்பி நிலையில் இருந்த வாயில்மானியைப் பார்த்தாள். "அதுக்கு வாசல் வரைக்கும்தான் கண்ணு தெரியும்" என்றாள் மெதுவாக.

அன்றிரவுச் சாப்பாட்டை இருவரும் வீட்டில் முடித்துக்கொண்டார்கள். யாசீனிடம் கயல் தன் எண்ணத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரு நிறைய ஆள் இருக்கும்போது, நடைபாதையில் மேசை போட்டுப் பதினொரு கடைச் சாப்பாட்டையும் ஒவ்வொன்றாகச் சாப்பிடப்போகிறாள்.

"மறைச்சு இல்ல. எல்லாரும் பார்க்கணும். எனக்கு ஒன்னும் ஆகலைன்னு பார்க்கணும்."

"சரி."

"காப்பு போயிடும், யாசீன். உன் கண்ணு."

வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தான். அப்படிப் பார்த்தால் அவள் முகம் பனிக்குள் இருப்பதுபோல் தெரியும் என்று முன்பு சொல்லியிருக்கிறான்.

"தஸ்தகீர் கடையில நான் சாப்பிடுறது ஹலால்னு எனக்குத் தெரியும். மார்வாடி கடையில பூண்டு போட மாட்டாங்கன்னு அங்க சாப்பிடுறவங்களுக்குத் தெரியும். எதைச் சாப்பிட மாட்டேன்னு முடிவு பண்றது நானு. அதைச் சொல்ல ஒரு கதவு எதுக்கு?" என்றான். பிறகு, "ரெண்டு நாற்காலி போடு. ஒத்தையா உக்காந்து சாப்பிட எனக்கு அலுத்துப்போச்சு" என்றான்.

அதற்குப் பிறகும் அவள் தூங்க வெகுநேரமானது. அவன் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால் கைவிட்டிருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு, மின்கம்பத்துக்குக் கீழே மடக்கு மேசையை விரித்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கயல் எழுந்து நின்று, தெருவுக்குக் கேட்கும்படி, தன் தாத்தாவின் ஊர்ப்பெயரில் நடந்ததைச் சொன்னாள். "போன வாரம் வரைக்கும் என் உடம்பு மூணு. இந்த வாரம் ஆறு. இடையில யாரும் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. எனக்குப் பசிக்குது. யாரு கொடுத்தாலும் சாப்பிடுவேன்."

கூட்டம் சேர்ந்தது. கடைகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும். காலி மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

நாகமணிதான் முதலில் வந்தாள். இரண்டு இலைகள். இரண்டிலும் மீன் புளுசை ஊற்றினாள். "எவனாச்சும் கேட்டா நாகமணி போட்டான்னு சொல்லு."

யாசீன் முதல் வாய் எடுத்தான். பதினொரு வருடமாகக் காதால் மட்டும் கேட்ட புளுசு. காரத்தில் கண் கலங்கி, "இவ்ளோ காரமா? நீ சொல்லவே இல்லையே!" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்து அபேபே, பெரிய வட்டத் தட்டில் இஞ்சேராவையும் குழம்பையும் சுமந்து வந்தான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். "இன்னா மேடம், எங்க கடைய விட்ருவீங்களோன்னு பயந்துட்டேன். இத்த பிச்சி, இதுல தொட்டு, அவரு வாயில நீங்க ஊட்டணும். எங்க வழக்கம் அப்டி" என்றான்.

"நெசமாவா?"

"நெசந்தான். நம்பலேன்னா எங்கம்மாவ இட்டாரேன்."

அவள் ஊட்டினாள், தானும் ஒரு வாய் எடுத்தாள். புளித்த ஆப்பம்போல் இருந்தது. அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அத்தோவும் கூழும் தால்பாட்டியும் வந்தன. கொரியக் கடைக்காரர் காய்கறிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். பாலாறு உணவகத்துக்காரர் மட்டும் வாசலிலேயே நின்றார். அது ஆறாம் வரிசைக் கடை.

"ஆர்டர்படி நீ என் கடைக்குத்தாம்மா வரணும்" என்றார் அவர்.

"உங்க சாப்பாடும் வேணுங்க. மத்த பத்தோட சேர்த்து."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எட்டாவது தட்டின்போது சத்தியசீலன் இரண்டு ஊழியர்களோடு வந்தார். மூச்சு வாங்கியது.

"நிறுத்துங்க மேடம். ஒரு தட்டோட நின்னா எச்சரிக்கையோட விட்ருவேன். எட்டுன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"பத்துன்னு எழுதுங்க சார். இன்னும் ரெண்டு வரணும்."

"உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். எனக்குத் தெரியும்."

கயல் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தாள். அப்போது யாசீன் திரும்பி, "சார், கண்ணு என்னோடது. அதைக் காட்டி அவளை மிரட்டாதீங்க" என்றான். சொல்லிவிட்டு, வங்கக் கடைக்காரர் நீட்டிய மீன்தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

சத்தியசீலன் எழுதினார். பரிமாறிய பத்துக் கடைகளின் கதவுகளுக்கும் ஒரு மாத முத்திரை வைக்கப்பட்டது. வாயில்மானிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

கயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகம் தின்றதால் மாலை முழுக்க வயிறு கனத்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் தெருமுனைக்கு வந்தபோது, வழக்கமாகப் பிரியும் இடத்தில் பிரிய முடியாத அளவுக்குக் கூட்டம். கதவுக்குத்தானே முத்திரை என்று நாகமணி தன் அடுப்பை நடைபாதைக்கு இழுத்துவந்திருந்தாள். பக்கத்தில் அபேபேயின் வட்டக் கல். எதிரில் தஸ்தகீரின் பிரியாணி தேக்சா. தெருவில் வாயில்மானி கிடையாது. யாருக்கு எந்த வரிசை என்று கேட்க ஆளில்லை. கிம்ச்சி சாப்பிடும் தோழியும், மெஸ்ஸிலிருந்து அவளோடு காதில் பேசிய பெண்ணும் ஒரே பெஞ்சில், ஒருவர் கிண்ணத்தில் இன்னொருவர் கைவிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். முத்திரை வைத்ததே வாரியத்துக்கு வினையானது. இரண்டாவது வாரம் பக்கத்துத் தெருக்காரர்களும் அடுப்பை வெளியே கொண்டுவந்தார்கள். முத்திரைக் காலம் முடிந்த பிறகும் ஒருவரும் உள்ளே திரும்பவில்லை. பாலாறு மட்டும் கதவுக்குப் பின்னால் நடந்தது. அங்கேயும் வருபவர்கள் இருந்தார்கள்.

யாசீனின் அறுவைச் சிகிச்சை ரத்தானது. காப்பில்லாதவர்களை எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளாது.

நான்கு மாதம் கழித்து வாரியத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கயற்கண்ணியின் உண்மையான வரிசை மூன்றே என்று மறு ஆய்வில் தெரியவந்திருக்கிறது. நிகழ்ந்தது தனிப்பட்ட ஒரு பதிவுப் பிழை மட்டுமே என்று அவர் ஒப்பமிட்டால் காப்பு உடனே திரும்பும். அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே நேரம் ஒதுக்கப்படும். மருத்துவரிடம் கேட்டார்கள். இப்போதும் கொஞ்சம் மீட்கலாம், பாதிக்குமேல் முடியாது என்றார்.

கயல் பேனாவை எடுத்துவிட்டாள். "போடுறேன். ஒரு கையெழுத்துதானே."

யாசீன் படிவத்தை வலக்கண்ணுக்கு அருகே வைத்து, கணக்கு விடைத்தாளைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே படித்தான்.

"உண்மையான வரிசைன்னு போட்டிருக்கு. அப்படி ஒன்னு உனக்கு இருக்கா?"

"இல்ல."

"பிழை உன்னோடது மட்டும்தான்னு எழுதிக் கேக்குறாங்க. நீ போட்டா, மத்த மூணு கோடிப் பேருக்கும் சரியாத்தான் இருக்குன்னு ஆயிடும். நாகமணியக்கா அடுப்பை அணைக்கச் சொல்லுவாங்க."

"உனக்குக் கோவமே இல்லையா என் மேல?"

"ரெண்டு நாளு இருந்துச்சு," என்றான் அவன். "ஆபரேஷன் தேதி அன்னைக்கும், மறுநாளும். ஆனா அந்தக் கோவத்துக்காக நீ இதுல கையெழுத்துப் போடாத."

வரிசை என்று அச்சிட்டிருந்த கட்டத்தில் அவள் 'இல்லை' என்று எழுதினாள். ஒப்பமிடும் இடத்தைக் காலியாக விட்டு உறையில் போட்டாள்.

அன்று மாலை உப்புக்கிடங்குத் தெருவில் இடம் கிடைக்க நேரமானது. நாகமணி அவர்களைப் பார்த்ததும் பெஞ்சில் இரண்டு பேரை நகர்ந்து உட்காரச் சொன்னாள். யாசீன் தண்ணீருக்காக இடப்பக்கம் கைநீட்டினான். குவளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல்கள் பலகையின் மேல் தேடின. கயல் எட்டி, அவன் கையைப் பிடித்துக் குவளையின் மேல் வைத்தாள். அவன் குடித்துவிட்டு, அவள் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டான்.