இரண்டு விநாடி மிதித்தால்

ஃபராஸ் மிதித்தது இரண்டாவது ஸ்விட்சை. எரிந்ததோ நான்காவது விளக்கு.

குனிந்து பார்த்தான். வெறுங்காலின் கட்டைவிரல் இரண்டின் மேல்தான் இருந்தது. ஒரு சாண் தள்ளி, நான்காவதில் சிவப்பு விளக்கு கூசாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா மச்சி, காலு தடுமாறுது?" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஹரி சிரித்தான்.

"ஸ்விட்ச் லூஸா இருக்குடா. நீ போய் டீ வாங்கிட்டு வா."

"ஏழு மணிக்கு ஷோ. இந்த நேரம் பாத்து லூஸாவுதா?" செருப்பு மாட்ட வாசலில் நின்ற ஹரி பெருமூச்சு விட்டான். "அந்த நாலாவதுல ராகேஷோட சவுண்டு மட்டும் இருந்திருந்தா... பாவம்டா, அவனே தெரியாம அழிச்சுட்டான்."

ஃபராஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராகேஷ், ராகேஷ், எப்போது பார்த்தாலும் ராகேஷ். ஆள் செத்து எட்டு மாதமாகிறது. இன்றைக்கு முதல்முறையாகத் தனி கிட்டாரிஸ்டாக மேடையேறப் போகிறவன் இவன். இவன் விரல், இவன் சவுண்டு. அதைப் பற்றி ஒரு நாய்கூடப் பேசவில்லை.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயர் ஓடிவந்து தரையில் கிடக்கும் இரும்புப் பெட்டி அது. நான்கு ஸ்விட்ச், ஒவ்வொன்றிலும் ஒரு சவுண்டு. லேசாக மிதித்தால் அந்த சவுண்டுக்கு மாறும். இரண்டு விநாடி மிதித்தபடியே நின்றால் விளக்கு மூன்று முறை சிமிட்டும். அதில் இருந்தது அழிந்து, அப்போது ஒலிக்கிற சவுண்டு அங்கே ஏறிவிடும். போனது போனதுதான்.

ராகேஷ் இடதுகைக்காரன். நான்காவது ஸ்விட்சுக்கென்று மூன்று வருடம் குமிழ்களைத் திருகித் திருகி ஒரு சவுண்டை உண்டாக்கியிருந்தான். தொண்டை கட்டியவன் பாடுவதுபோல் கரகரவென்று ஆரம்பித்து, முடிவில் அப்படியே குழைந்துபோகும். அதைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது. பக்கத்தில் நின்று வாசித்த ஃபராஸை எவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு மதியம் ராகேஷ் டீ குடிக்கப் போன நேரத்தில், ஃபராஸ் நான்கை மிதித்துக்கொண்டு நின்றான். இரண்டே விநாடி.

தன் கால்தான் தவறிவிட்டது என்று ராகேஷ் நம்பினான். ஒரு மாதம் தூங்காமல் இதே ஒத்திகை அறையில் உட்கார்ந்து தேடினான். கடைசியில் ஒரு விடியற்காலை, கண் செருகி, அடையாறு பாலத்துக்கு முன்னால் பைக்கோடு தடுப்பில் மோதினான். அவன் அம்மா இந்த ஆம்பை இவனிடமே கொடுத்து, "அவன மாதிரியே வாசிப்பா" என்றார். அந்த வார்த்தைக்காக அந்த அம்மாவின் மேலும் இவனுக்குக் கோபம்தான்.

ஹரி போனதும் மெத்தை தைத்த கதவு மூடிக்கொண்டது. கோபாலபுரத்தின் நான்கு மணி வெயில், தெருமுனை ஹாரன், எல்லாம் ஒரே அடியாக அறுந்தன. ஏசியின் முனகலும், ஈரம் குடித்த பழைய தரைவிரிப்பின் வாடையும், சுவரில் ஒட்டிய கறுப்புப் பஞ்சின் நெடியுமாக அறை அவனைச் சுற்றி நெருங்கி வந்தது.

அப்போது ஆம்ப் கரகரத்தது.

அவன் கை கிட்டாரின் மேல்கூட இல்லை.

கரகரத்து, குழைந்தது.

"செத்தும் விடமாட்டியாடா?" பல்லைக் கடித்தான். ஒன்றை மிதித்தான், தன் சவுண்டு. அதை வைத்துக்கொண்டு நான்கை அழுத்தி நின்றான். விளக்கு மூன்று முறை சிமிட்டியது. நான்கை வாசித்துப் பார்த்தான். சுத்தமாக இவனுடைய சவுண்டு. "போ, தொலை" என்று சிரித்தான்.

மறுபடி ஒன்றை மிதித்தான்.

ராகேஷின் சவுண்டு.

இரண்டு. அவனுடையது. மூன்று. அவனுடையது. நான்கு. இப்போதுதான் அழித்த நான்கு. அதுவும்.

இவனுடையது எங்கும் இல்லை.

ரத்தம் தலைக்கேறியது. நான்காவதின் மேல் ஓங்கி மிதித்துக் கத்தினான். "ஆமாடா! நான்தான் அழிச்சேன்! நீ இல்ல, நான்! இன்னா பண்ணுவே? ஹான்? இன்னா பண்ணுவே?"

ஏசி நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

காலை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

அவன் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விரல் விரலாகத் தெரிந்தது. சில்லென்ற ஐந்து விரல். பின்னால் குதிகால். அவசரமே இல்லாமல் அழுத்தியது.

ஒன்று.

"வேணாம்டா ராகேஷ்..."

இரண்டு.

சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டியது.

கதவு திறந்தது. கையில் டீ ஃபிளாஸ்க்குடன் ஹரி. "மச்சி, வெளிய யாரோட செருப்புடா அது? ராகேஷுது மாதிரியே..."

ஹரி உள்ளே பார்த்தான். ஃபராஸின் கிட்டார் தலைகீழாகத் திரும்பியிருந்தது. வலக்கை அதன் கழுத்தைப் பிடித்திருந்தது. வாழ்நாளில் எதற்கும் முன்வராத இடக்கை, தந்திகளின் மேல் பழகிய கைபோல ஓடியது. அறை முழுக்கக் கரகரத்துக் குழைந்தது அந்த சவுண்டு.

ஹரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அதே சவுண்டு! எப்படிடா கண்டுபுடிச்ச? இன்னிக்கு நைட்டு ஜனம் அழப்போவுது பாரு!"

நானில்லை, பிடுங்குடா வயரை என்று ஃபராஸ் தன் பலமெல்லாம் திரட்டி அலறினான். உதடு ராகேஷைப்போல ஒரு பக்கமாகச் சிரித்தது. அலறல் ஆம்பின் வழியாக, நீண்டு, குழைந்து, பாட்டின் கடைசி ஸ்வரமாக வெளியே வந்தது.

ஹரி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.