ஏழாம் பாடத்தில் முழு மதிப்பெண்

சந்திரனில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அலைக்கூடத்தின் முன்னால் வரிசை நிற்கும். அமுதக்கடல் குடியிருப்பில் ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம் பூமியைப் பார்க்கவும் பேசவும் பூமி அலை. அதை எப்படிச் செலவழிப்பது என்பது அவரவர் பாடு. சிலர் பேரப்பிள்ளைகளோடு பேசுவார்கள். சிலர் மழை பெய்கிற ஊராகப் பார்த்து, ஒரு மணி நேரம் மழையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

காற்றுச் சல்லடைக் கூடத்தில் தூசு எடுக்கிற அமலோற்பவத்துக்குக் காலை ஒன்பது மணி. எட்டு வருடமாக அந்த ஒரு மணியும் தூத்துக்குடி முதியோர் காப்பகத்தில் இருக்கும் அவள் கணவர் சவரிமுத்துவுக்குத்தான்.

இங்கே கேட்ட கேள்விக்கு அங்கிருந்து பதில் வந்து சேர இரண்டரை நொடி ஆகும். குடியிருப்பில் யாரும் அதைத் தாமதமாக நினைப்பதில்லை. மூச்சு இழுத்துவிடுகிற நேரம் மாதிரி பழகிப்போயிருந்தது. ஆனால் போன வருடத்திலிருந்து சவரிமுத்துவின் பதில் நாலு நொடியில் வரத் தொடங்கியது. பிறகு ஆறு நொடியில். அலையின் வேகம் மாறுவதில்லை. மிச்ச நொடிகளில் அவர் தன் தலைக்குள் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அமலோற்பவத்துக்குப் புரிந்தது. முழுதாக மறப்பதற்குள் வந்துவிடுங்கள் என்று காப்பக மருத்துவரும் சொன்னார்.

திரும்பும் கலத்தில் இடம் கேட்டு விண்ணப்பித்தபோதுதான் விதி தெரிந்தது. கல்லூரி முதலாண்டுப் பாடம் ஒன்றிலாவது தேறாதவர்களைப் பூமி திரும்ப ஏற்பதில்லை. ஏன் என்று அலுவலகத்தில் கேட்டாள். அங்கிருந்தவருக்கும் தெரியவில்லை, அவரும் அப்படித்தான் தேறியவராம். அந்தப் பருவத்தில் அலைவழியே தமிழில் நடந்தது ஒரே பாடம்: நுண்பொருளியல் அறிமுகம். பன்னிரண்டு வகுப்பு, ஒரு தேர்வு. எல்லாமே அவரவர் அலைநேரத்தில்.

அவள் விஷயத்தைச் சவரிமுத்துவிடம் சொன்னாள். "பதிமூணு வாரம் பேச முடியாதுங்க. பரீட்சை முடிஞ்சதும் அங்கயே வந்துருவேன்."

ஏழு நொடி ஆனது.

"பரீட்சையா? நல்லாப் படி, ஏளா."

வகுப்பை நடத்தியது போதினி என்ற இயந்திரம். நூறு வருட விடைத்தாள்களைப் படித்து உருவானது. மாணவர் கண்கள் பாடத்தை விட்டு மூன்று நொடி விலகினால் அன்றைய வருகையை வெட்டிவிடும். ஆகவே இமைக்கக்கூடப் பயந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கேட்பும் அளிப்பும், இறுதிநிலைப் பயன்பாடு, நெகிழ்ச்சி. எதுவும் மண்டையில் ஏறவில்லை. தினமும் தூசு எடுக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்து உருப்போட்டாள்.

நாலாம் வகுப்பின் நடுவே திரையின் ஓரத்தில் காப்பகத்திலிருந்து ஒரு படிவம் வந்து நின்றது. 'தங்கள் கணவரின் நலன் கருதி' என்று ஆரம்பித்து நீளமாகப் போயிற்று. படிக்கக் கண்ணைத் திருப்பினால் வருகை போய்விடும். பார்வையைப் போதினி மேலேயே வைத்துக்கொண்டு, விரலால் தடவி, 'சம்மதம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். மருந்து மாற்றுவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாம் பாடம் பதிலிப் பண்டங்கள். காபி கிடைக்காவிட்டால் தேநீர் என்பது நூலில் இருந்த உதாரணம். சிறுதேர்வில் 'பதிலி இல்லாத பண்டம் உண்டா?' என்ற கேள்விக்கு அவள் சொந்தமாக எழுதினாள்: 'உண்டு. என் வீட்டுக்காரருக்கு என் பேச்சு.' போதினி சுழியம் போட்டு, 'நூலில் இல்லை' என்று குறித்தது.

கூடவே வேலை செய்யும் இசக்கிராஜ், இரண்டு தடவை தோற்றவன், அவள் தாளைப் பார்த்துச் சிரித்தான்.

"யக்கா, அது உங்க கதையக் கேக்கல. நூல்ல என்ன இருக்கோ அத அப்படியே கக்கணும். நானும் நெனச்சத எழுதித்தான் இங்க கெடக்கேன்."

"அப்போ நெசமா இருந்தாலும் எழுதக் கூடாதா?"

"நெசத்த ஊருக்குப் போயி பேசிக்கிடுங்க. இங்க மார்க்க வாங்குங்க."

அது சரியென்றே பட்டது. நூலின் வாக்கியத்தை மனப்பாடம் செய்தாள்: 'ஒரு பண்டம் கிடைப்பதில் தடங்கல் நீடித்தால் நுகர்வோர் அதன் பதிலிக்குப் பழகிவிடுவர், பின்னர் அப்பண்டமே மீண்டும் கிடைப்பினும் அதனை நாடுவது அரிது.' பதிமூன்றாம் வாரம் தேர்வில் அதே கேள்வி வந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அந்த வினாவுக்கு முழு மதிப்பெண். தேறிவிட்டாள். கலத்தில் பதினேழாம் எண் இருக்கையும் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு அலைக்கூடத்தில் உட்கார்ந்தாள். திரையில் சவரிமுத்து தெரிந்தார். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. தலைமாட்டில் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது.

"நாந்தாங்க. பாஸாயிட்டேன். வாரேன்."

மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். எட்டு, பத்து நொடிகூட ஆகலாம் என்று தன்னைத் தயார்செய்து வைத்திருந்தாள்.

சரியாக இரண்டரை நொடியில் பதில் வந்துவிட்டது. அவர் கொஞ்சமும் தேடவில்லை.

"யாரும்மா நீங்க? அமலி இங்கதான இருக்கா." பெட்டிப் பக்கம் திரும்பினார். "ஏளா, யாரோ கூப்புடுதாங்க பாரு."

"யாரா இருந்தா என்ன, நீங்க கஞ்சியக் குடிங்க, ஆறிரப்போவுது," என்றது பெட்டி, அவளுடைய குரலில், அவளுடைய சலிப்போடு. அவர் கேட்ட மாத்திரத்தில் பதில்.

காப்பகத்துத் தாதி திரைக்கு வந்து மகிழ்ச்சியாக விளக்கினாள். அவள் அலையில் பேசிய எட்டு வருடப் பேச்சையும் சேர்த்துத்தான் பெட்டிக்குள் இந்தத் துணைக்குரலைச் செய்தார்களாம். ராத்திரி பகல் எப்போது கூப்பிட்டாலும் பேசுமாம். அவள் பேச்சு வராமல் அழுதுகொண்டிருந்த ஐயா அழுகையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறதாம். "நீங்கதானம்மா சம்மதம் குடுத்தீங்க," என்றாள், நன்றி சொல்வதுபோல.

"அத எடுத்துருங்கம்மா. நான் வாரேன்ல."

தாதி தயங்கினாள். "ரெண்டு தடவ எடுத்துப் பார்த்தோம். சோறு எறங்கல. நீங்க வாங்க. ஆனா வந்தாலும்..." பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

மணி முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. யாரும் திரையை அணைக்கவில்லை. அவர் பெட்டியோடு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வகுப்பில் பழகிய கண்கள், மூன்று நொடிகூட விலகவில்லை. உதடுகள் மட்டும் தாமாக அசைந்தன.

'பின்னர் அப்பண்டமே மீண்டும் கிடைப்பினும்...'

அவள் எங்கேயும் தடுமாறவில்லை.