செவிட்டு இன்ஜின்

அவன் இன்னும் தட்டவே இல்லை. அதற்குள் மீட்டரில் எண் எழும்பி அடங்கியது.

கையிலிருந்த ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. புதிதாகப் பூட்டிய சென்சாருக்குப் பக்கத்தில் இன்ஜினை மெல்லத் தட்டி, அதற்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது பத்தொன்பது வருடமாக அவன் செய்கிற வேலை. தட்டினால் எண் எழும்பும், தட்டாவிட்டால் பூஜ்யத்தில் கிடக்கும். அதற்குப் பேட்டரி கூட வேண்டாம். நாணயம் அளவுள்ள அந்தச் சில்லு அதிர்வு பட்டால் தானே ஒரு துளி மின்சாரம் விடும், அவ்வளவுதான். ஆனால் அதிர்வு என்று ஒன்று பட வேண்டும்.

தெருவில் லாரி போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. ஆட்களுக்கு லீவு கொடுத்துவிட்டு ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தான். அடியில் பாய் அகலத்துக்கு வெயில் உள்ளே வந்து, தரையிலிருந்த ஆயில் கறையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. லாரி போயிருந்தால் அந்த வெயிலில் நிழல் ஓடியிருக்கும். ஓடவில்லை. காரின் சீட்டுக்குள் ஊறிய சேற்றுத் தண்ணீர் எங்கோ இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் ஆகியும் அந்த நாற்றம் போகவில்லை. குளத்து அடியும் பெட்ரோலும் கலந்த நாற்றம், தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கார் அவன் மச்சானுடையது, மனைவியின் அண்ணன். ரயில் பாலத்துக்கு அடியில் ரோடு பள்ளமாக இறங்கும் இடத்தில், மழையில், வண்டி நின்றுவிட்டது. அப்போது தண்ணீர் பாதிச் சக்கரம் கூட இல்லை. முன்னால் போன ஸ்கூட்டர்காரன் கூடக் காலைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய்விட்டான். பிறகு எங்கோ கால்வாய் உடைந்து தண்ணீர் மொத்தமாக இறங்கியது. பூட்டு மின்சாரத்தில் ஓடுவது, கதவு திறக்கவில்லை. பாலத்தின் மேல் நின்ற ஒருவர் துக்க வீட்டுக்கு வந்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் கண்ணாடியத் தட்டிட்டே இருந்தாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவன் மனைவிக்கு ஒரே கேள்விதான். சோறு போடும்போது, படுக்கும்போது, அவன் பல் துலக்கும்போது குளியலறை வாசலில் வந்து நின்றுகொண்டு.

"ஏங்க, வண்டி ஏன் நின்னுச்சு? பாதிச் சக்கரம் தண்ணியில வண்டி நிக்குமா? நீங்கதானே மெக்கானிக், சொல்லுங்க."

பதில் அவனுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். நாலு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்க்க வருகிறார். "நானும் வருவேன், என் காதால கேக்கணும்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

வேலை இதுதான். இன்ஜினுக்குள் பெட்ரோல் வேளைக்கு முன்னால் பற்றிக்கொண்டால் உள்ளே சுத்தியல் அடி விழும். அதைக் கேட்டு, தீப்பொறியைக் கொஞ்சம் தள்ளிப் போடு என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற காதுதான் நாக் சென்சார். மச்சான் வண்டியில் மூன்று மாதத்துக்கு முன் அது கெட்டு, மஞ்சள் விளக்கு எரிந்தது. அது உட்கார்ந்திருப்பதோ காற்றுக் குழாய்களுக்கெல்லாம் அடியில், கழற்றவே அரை நாள் ஆகும். புதுசு வர ஒரு வாரம். மச்சானுக்கு மறுநாளே வெளியூர் போக வேண்டும். தொழிலில் பலர் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஒயரை வெட்டி, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் அரிசி அளவு ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, கறுப்பு டேப்பைச் சுற்றினான். எல்லாம் நலம் என்று கம்ப்யூட்டர் நம்பியது. விளக்கு அணைந்தது. இன்ஜின் செவிடாகிவிட்டது.

"அடுத்த வாரம் மாத்திக்கலாம் மச்சான்."

ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனுக்கு வீட்டு வண்டி கடைசிதானே. அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து மச்சான் ஒரு தரம் சொன்னார்.

"மாப்ளே, மேட்டுல ஏறும்போது உள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி கேக்குது."

"பெட்ரோல் சரியில்ல மச்சான். அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க."

"நீ சொன்னா சரி" என்று சிரித்தார். அந்த 'நீ சொன்னா சரி'தான் பன்னிரண்டு நாளாக அவனை அரித்துத் தின்கிறது. மூன்று மாதம் அடி வாங்கிய பிஸ்டன் அந்தப் பாலத்தடியில் ஓட்டையாகிவிட்டது. தண்ணீர் புகுந்த இன்ஜினில் பிஸ்டன் உடைந்து கிடந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ரெசிஸ்டர் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். காலையிலேயே அதை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒயரைப் பழையபடி சேர்த்தான். சென்சார் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, வாஷர் எதுவும் போடாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இருபது வைத்து 'க்ளிக்' கேட்கும் வரை இறுக்கினான். அதில்தான் சூட்சுமம். தளர்வாக இருந்தால் இருப்பதைக் கேட்காது. கூடுதலாக இறுக்கினால் இல்லாததைக் கேட்கும்.

எண் மறுபடியும் எழுந்தது. இரண்டு தரம், அடுத்தடுத்து. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம்.

கூடுதலாக இறுக்கிவிட்டோம் என்று சந்தோஷமாகவே நினைத்தான். போல்ட்டைத் தளர்த்தி, ரெஞ்சை வைத்து மறுபடி இறுக்கினான். இருபது, க்ளிக். மீட்டரைப் பார்த்தான். பூஜ்யம். பூஜ்யம். இரண்டு துள்ளல். பூஜ்யம். ஒரு துள்ளல்.

மீட்டர் பேட்டரியை மாற்றினான். வேறு மீட்டர் எடுத்தான். ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டித் தெருவைப் பார்த்தான். ஒரு நாய் கூட இல்லை. திரும்பி வந்தபோது இரண்டாவது மீட்டரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். மச்சான் எப்போது வீட்டுக்கு வந்தாலும் காலிங் பெல்லைத் தொட மாட்டார். விரல் மொளியை மடக்கி இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. சின்ன வயதிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள கணக்கு அது. அவளும் உள்ளிருந்து அதே மாதிரி தட்டிவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுப்பாள். "பெல்லு எதுக்கு மச்சான், சாமிக்குப் பூஜை பண்ணவா?" என்று அவன் கிண்டல் செய்வான்.

ஸ்பேனரை மறுபடி எடுத்தான். செய்யக்கூடாது என்று தெரிந்தே செய்தான். இன்ஜின் மேல் இரண்டு தட்டினான். நிறுத்தி, ஒன்று.

மீட்டர் அவன் தட்டியதைக் காட்டியது. பிறகு அசையாமல் கிடந்தது. சொட்டுகிற தண்ணீர் கூட நின்றுபோனது போல இருந்தது.

பிறகு வேகமாக வந்தது. எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. இது வீட்டு வாசலில் தட்டுகிற தட்டு இல்லை. உள்ளங்கையால், இரண்டு கையாலும், மூச்சு முட்டுகிறவன் கண்ணாடியைத் தட்டுகிற தட்டு. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. மீட்டரில் மட்டும். எண்ணில் மட்டும்.

"மச்சான்... போதும்" என்றான்.

நிற்கவில்லை.

சென்சாரைக் கழற்றிவிட்டான். எண் செத்தது. நல்ல மூச்சு ஒன்று வந்தது. கேட்கிற காது இல்லாவிட்டால் சத்தமும் இல்லை. கை தடுமாறி, சென்சார் இருந்த அந்தப் பளபளப்பான வட்டத்தின் மேல் அவன் உள்ளங்கை ஊன்றியது.

இரும்பு சில்லென்று இருந்தது.

தட்டியது.

உள்ளங்கையில். இரண்டு. கையை இழுத்தான், வரவில்லை. மணிக்கட்டில். ஒன்று. முழங்கையில். தோளில். ஏறிக்கொண்டே வந்தது. நெஞ்சுக்குள் வந்து, அங்கே நின்றுவிட்டது.

கை விடுபட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் ஷட்டருக்கு அடியில் நகர்ந்திருந்தது. சட்டைப் பையை, அதற்குள் இருந்த அந்த அரிசி அளவு சாமானோடு சேர்த்து, நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தான். உள்ளே அமைதி. கடிகாரம் மூன்றரை காட்டியது.

எழுந்து, சென்சாரைப் பூட்டினான். இருபது, க்ளிக். மீட்டர் பூஜ்யத்தில் கிடந்தது. ஸ்பேனரால் தட்டினான், எண் எழுந்தது. நிறுத்தினான், அடங்கியது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. ஐந்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தான். இன்ஜினுக்குள் ஒன்றும் இல்லை. எங்கே போனது என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. பரபரவென்று குழாய்களைப் பேருக்கு இரண்டு போல்ட்டில் நிறுத்தி, கையைக் கழுவினான்.

சர்வேயர் சொன்ன நேரத்துக்கு வந்தார், அவளும் வந்தாள். டார்ச் அடித்து ஒயர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் விரல் டேப் இருந்த இடத்தைத் தாண்டிப் போனபோது அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அரை மணி நேரம் படம் எடுத்தார், எழுதினார். கடைசியில் அவள் பக்கம் திரும்பினார்.

"வண்டியில எந்தக் குறையும் தெரியலம்மா. காத்துக் குழாய் வழியா தண்ணி போயிருக்கு. விதின்னுதான் சொல்லணும். உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் பாத்திருக்கார்."

அவர் கார் புறப்பட்டுப் போகும் வரை அவள் அழாமல் நின்றாள். பிறகு வந்து அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உங்களப் போயி சந்தேகப்பட்டேங்க. என் மேல கோபமா?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. "கோபமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான்.

அவள் கன்னத்தில் ஏதோ குத்தியது. அவன் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். கறுப்பு டேப்பில் ஒட்டிக்கொண்டு, அரிசி அளவில்.

"என்னங்க இது?"

"குப்பை."

சுண்டி எறிந்தாள். அது தரையில் ஓடி சாக்கடைத் துளைக்குள் விழுந்த சத்தம் சின்னதாகக் கேட்டது. மறுபடி தலையைச் சாய்த்து, காதை அவன் நெஞ்சோடு வைத்தாள்.

அவள் உடம்பு விறைத்தது.

"ஏங்க..." மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு. இடைவெளி. ஒன்று. "உள்ள... அண்ணன் தட்டுற மாதிரி..."

"பேசாம வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்திருந்தது. விரல் மொளியை மடக்கி, சின்ன வயதிலிருந்து செய்வது போல, அவன் நெஞ்சில் இரண்டு தட்டினாள். நிறுத்தி, ஒன்று.

"வேண்டாம்" என்றான். "வேண்டாம், திறக்காத."

சட்டையின் மூன்றாவது பொத்தான் தானாக எழும்பியது. அதற்கு அடியில், தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, நான்கு விரல் மொளிகள் வரிசையாகப் புடைத்து நின்றன. அவள் விரல் அந்தப் பொத்தானைத் தேடிப் போனது.