ஒருசந்தித் தண்ணீர்

தூத்துக்குடியில் யாரும் கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் போடாமல் தண்ணீர்த் தம்ளரைத் தொடமாட்டார்கள். குடிப்பது கடல்நீர் அல்லவா! நன்னீர் வற்றி நாற்பது வருடமாகிறது. பிறந்ததும் குடலில் பதிக்கப்படும் உப்புத்தள்ளிச் செல்கள்தான் ஊரைக் காப்பாற்றி வருகின்றன. உப்பு தானாக மிகுதியான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கே பாயும். இந்தச் செல்களோ அதை இரத்தத்திலிருந்து பிடித்து, உப்பு மண்டிய குடலுக்கே திருப்பித் தள்ளும். சும்மா தள்ளுமா? அவ்வப்போது வாயால் தின்னும் இனிப்புதான் அவற்றுக்குத் தீனி.

பெரிய வெள்ளி. மதியம் ஐஸ் பேக்டரியிலிருந்து வந்த ஜெனோவாவுக்கு வாசலிலேயே அலாரம் கேட்டது. கணவன் லூர்து சுவரில் சாய்ந்து கிடந்தான், கையில் தம்ளர். மணிக்கட்டில் கட்டியிருந்த உப்பளவி அலறிக்கொண்டே இரத்தத்தில் உப்பு 158 என்று காட்டியது. 165 தாண்டினால் வலிப்பு வரும். அதன்பின் பிழைப்பது கஷ்டம்.

“காலைல என்னத்த சாப்பிட்டிய?”

“ஒண்ணுமில்ல பிள்ள. ஒருசந்தி. தண்ணி மட்டுந்தான்.”

அட பாவி மனுஷா! தண்ணீர் குடித்தால் நோன்பு முறியாது என்று பழைய ஜெபப் புத்தகத்தில் படித்திருக்கிறான். அந்தக் காலத்துத் தண்ணீர் வேறு என்று யோசிக்கவில்லை. பட்டினியில் செல்கள் ஓய்ந்துவிட, உப்பு உள்ளே கொட்டியது. உப்பு ஏற ஏறத் தாகம், தாகத்துக்கு இன்னொரு தம்ளர்.

அவள் தம்ளரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆம்புலன்சுக்குப் பேசினாள். வர இருபது நிமிடம் ஆகுமாம். “அதுவரைக்கும் இனிப்பு கொடுங்கம்மா, தண்ணி மட்டும் கொடுத்திராதீங்க!”

கருப்பட்டியைக் கண்டதும் லூர்து பல்லைக் கடித்துக்கொண்டான்.

“வேண்டாம் பிள்ள. நேர்ச்சை. ஆண்டவரு ரெண்டு பிள்ளைய எடுத்துக்கிட்டாரு. இதையாவது விட்டுத் தாரும்னு கேட்டிருக்கேன்.”

அவன் பார்வை அவளுடைய ஐந்து மாத வயிற்றில் நின்றது. உப்பளவியில் 162. அவன் விரல்கள் வெட்டி இழுக்கத் தொடங்கின.

“இதுக்கு அப்பன் வேண்டாமா? வாயத் தொறங்க!”

கருப்பட்டியைப் பொடித்து, உதட்டை விலக்கி, கன்னத்துக்குள் அழுத்தித் தேய்த்தாள். துப்பப் பார்த்தான், விடவில்லை. 163. 164. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 164. பிறகு, 163.

லூர்து விசும்பினான்.

“ஒரு நாள்கூட இந்த உடம்பு நோன்பு கிடக்காதுன்னா, நான் அவருக்கு என்னத்தப் பிள்ள கொடுக்குறது?”

ஜெனோவா அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த வாயை ஊட்டினாள். அழுதுகொண்டே விழுங்கினான்.