மேலே யாரும் இல்லை

குளியல் தொட்டியில் செங்கல் தூசி கிடந்தது.

ஒரு கைப்பிடிகூட இருக்காது. தண்ணீர் போகும் துளையைச் சுற்றி, யாரோ விரல்நுனியால் தூவிவிட்டுப் போனதுபோலச் சிவப்பாக. வெர்லீன் குனிந்து தொட்டுப் பார்த்தாள். நறநறவென்று இருந்தது. நேற்று மாலை இந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பால்போல வெள்ளையாக விட்டுப் போனவள் அவளேதான். வீட்டுவேலைக்காரி அவள்; தூசி கண்ணுக்குத் தப்பியிருக்காது. இந்தக் கட்டடத்தில் செங்கல்லும் கிடையாது. இருபது மாடியும் கான்கிரீட்டும் கண்ணாடியுமாக நின்றது.

வீட்டுக்காரி திருமதி ஹால்வர்சனிடம் சொல்லவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி, முதல் பிரசவம், பகல் முழுவதும் தனியாக இருக்கிற பெண். தூசியைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் கார்வின் தெரு இருந்தது. முடிதிருத்தகம், மீன் வறுக்கும் கடை, இரண்டு தேவாலயங்கள், நாலு மாடிச் செங்கல் வீடுகள். நகராட்சிக்காரர்கள் வந்து அதற்குச் சேரி என்று பெயரிட்டு, கதவுக்குக் கதவு அறிவிப்பு ஒட்டி, ஆறு வாரம் அவகாசம் தந்தார்கள். தெருவே நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி ஊர் முழுக்கச் சிதறியது. கறுப்பர்களுக்கு வீடு கிடைத்த மூலைகளில் ஆளுக்கொரு திசையாக ஒதுங்கினார்கள். இப்போது வெர்லீன் இரண்டு பஸ் மாறி, தான் பிறந்த தெருவுக்கே வீட்டுவேலைக்கு வருகிறாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒன்றைக் கவனித்திருந்தாள். இடிக்காமல் விட்ட கல் தேவாலயத்தின் கோபுரம், இந்த நாலாம் மாடிப் படுக்கையறை ஜன்னலின் இடது ஓரத்தில் பாதி தெரிந்தது. அப்படியே, அதே அளவு, பழைய வீட்டின் நாலாம் மாடியிலும் தெரியும். அங்கே மிஸ் யூடோரா இருந்தாள். அவளுக்கு நேர் கீழே வெர்லீன். அந்த அறை போய்விட்டது, அது இருந்த காற்று மட்டும் இங்கேயே நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த ஜன்னலைப் பார்க்காமலே திரை மாற்றப் பழகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்குள் சத்தம் கேட்டது.

டக். டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

"உனக்கும் கேட்டுதா?" திருமதி ஹால்வர்சன் வாசற்படியில் நின்றாள். "மூணு நாளா இப்படித்தான். குழாய்ல காத்து அடைச்சிருக்கும்னு அவர் சொல்றார்."

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் வந்தான். சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"குழாயா? குளிருக்கு வர்ற சூடெல்லாம் கூரைக்குள்ள ஓடுற மின்கம்பியில வருதும்மா. இந்தச் சுவத்துக்குள்ள ஒண்ணும் கிடையாது. வெறும் கான்கிரீட்டு."

அவன் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே பிடித்திருந்தாள் வெர்லீன். இரண்டு அடி, பிறகு ஒன்று. கால் விழுந்துபோன மிஸ் யூடோரா கட்டிலில் படுத்தபடி, அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாயில் கரண்டியால் அப்படித்தான் தட்டுவாள். கீழேயிருந்து வெர்லீன் ஏறிப் போவாள். பன்னிரண்டு வருடம் அப்படி ஏறியிருக்கிறாள்.

அதனால் என்ன? மிஸ் யூடோராவை அவள் அண்ணன் மகன் வந்து அழைத்துப் போய்விட்டான். எங்கோ வடக்கே சுகமாக இருப்பாள். வெர்லீன் இதைத் தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய போதகரின் அடக்கம். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கார்வின் தெருக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். சாப்பாட்டு மேசையருகே, கையில் கோழி வறுவல் தட்டோடு நின்ற நெட்டை மனிதன் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தான். கிளோவிஸ். மிஸ் யூடோராவின் அண்ணன் மகன்.

"வெர்லீன் அக்கா! உங்களை எங்கெல்லாம் தேடறது? அத்தை எப்படி இருக்காங்க?"

"யாரு?"

"அத்தைதான். உங்ககூடத்தானே இருக்காங்க?"

"விளையாடாதே கிளோவிஸ். நீதானே வந்து கூட்டிட்டுப் போனே."

அவன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நான் செவ்வாய்க்கிழமை வந்தேன்க்கா. சனிக்கிழமை ரயில் கிடைக்கல. வந்து பாத்தா வீடே இல்ல. நகராட்சி ஆபீசுல கேட்டேன். மேல யாரும் இல்லன்னு கீழ்வீட்டம்மா சொல்லிட்டாங்கன்னு எழுதி வெச்சிருந்தாங்க. சரி, அக்கா கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். லெட்டர் போட்டேன், திரும்பி வந்துச்சு. உங்க விலாசம் எவனுக்கும் தெரியல."

சுற்றிலும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. 

மூன்று வருடத்துக்கு முன்னால், கார்வின் தெருவைக் காலி செய்த அன்று திங்கட்கிழமை. வாசலில் லாரி. நேரமாகிறது என்று டிரைவர் திட்டிக்கொண்டிருந்தான். அட்டையும் பென்சிலுமாக வந்த நகராட்சி வெள்ளைக்காரன், மேல யாராவது உண்டா என்று கேட்டான். சனிக்கிழமையே வருவதாகச் சொன்ன கிளோவிஸ் வந்துதானே இருப்பான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெர்லீன் புது வீட்டைக் கழுவப் போயிருந்தாள். ஏறிப் பார்த்திருக்கலாம். படி செங்குத்து. மூட்டுவலி. மேலே யாரும் இல்லை என்றாள். அவன் எழுதிக்கொண்டான். லாரி நகர்ந்தபோது சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டை இடிக்கிற சுத்தியல் என்று தன்னையே நம்பவைத்தாள். எந்தச் சுத்தியலும் இரண்டு அடித்து நிறுத்தி ஒன்று அடிக்காது. அன்றைக்கே அது அவளுக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை கிளோவிஸ் போலீசிடம் போனான். மூன்று வருடத்துக்கு முன்னால் காணாமல் போன கறுப்புக் கிழவிக்காக இருபது மாடியைத் தோண்டுவார்களா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

வெர்லீன் வேலைக்கே போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு அங்கே தனியாக இருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி விடுவது? வீட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். மதியம் இரண்டு மணிக்கு, பனி கொட்டி வெளிச்சம் மங்கிய நேரத்தில், லிஃப்டில் ஏறினாள். நாலாம் மாடி நடையில் ஈரச் சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த நாற்றம் அடித்தது. எந்தக் கதவுக்குப் பின்னாலும் ரேடியோ பாடவில்லை.

மணியை அழுத்துமுன் கதவு திறந்தது. திருமதி ஹால்வர்சனின் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல வந்தே வெர்லீன். உன்னைத் தேடி ஒருத்தங்க வந்திருக்காங்க."

"யாரும்மா?"

"வயசானவங்க. உன் பழைய தெருவாம். லிஃப்ட் வேண்டாம்னு படியிலயே வந்தாங்களாம், பாவம். நடக்க முடியல. என் கட்டில்ல படுக்க வெச்சிருக்கேன்."

"நீங்க தூக்கினீங்களா?"

"தூக்க என்ன இருக்கு? கனமே இல்ல. வா, உன்னையேதான் கேட்டுட்டிருக்காங்க."

ஓடியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கை அவள் முழங்கையை அன்பாகப் பற்றியிருந்தது. நடை. சமையலறை. படுக்கையறைக் கதவு.

உள்ளே திரை விலகியிருந்தது. ஜன்னலின் இடது ஓரத்தில் பாதிக் கோபுரம். அதன்கீழ் கட்டில்.

"வந்துட்டியா பொண்ணே."

அதே குரல். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"மிஸ் யூடோரா. நான் ஏறி வந்திருக்கணும்."

"இப்ப வந்துட்டியே."

தலையணையில் முகம் திரும்பியது. முழுசாக இருந்தது. வாயோரத்து மச்சம். மங்கிய கண். எதுவும் மாறவில்லை.

கழுத்துவரை போர்வை.

கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. போர்வை தட்டையாகக் கிடந்தது. மார்பு மேடில்லை. இடுப்பில்லை. முழங்கால் இல்லை. மெத்தையோடு மெத்தையாக. தட்டை.

"என்னைக் கொஞ்சம் தூக்கி உட்கார வை. மேல ரொம்பக் கனமா இருக்கு."

"நீங்க பேசிட்டிருங்க," என்றாள் திருமதி ஹால்வர்சன் பின்னாலிருந்து. "நான் காபி போடறேன்."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

போர்வையின் ஓரம் அசைந்தது. கை வெளியே வந்தது. காகிதம்போல, ஐந்து விரலும் விரிந்து, விரிப்பின்மேல் வழுக்கிக்கொண்டு. வெர்லீனின் மணிக்கட்டைத் தொட்டது. சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு.

மூன்று.